கோதுமை ரவைக் காய்கறிக் கஞ்சி: ரவையைப் பார்த்துத் தண்ணீர் வைக்க வேண்டும்

கோதுமை ரவைக் கஞ்சி சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால், என்ன ரவை வாங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மளிகைக் கடையில் ஒரே பெயரில் மூன்று விதம் கிடைக்கிறது: அரிசிக் குருணை அளவுக்குப் பெரிதாக உடைத்தது, நடுத்தரம், வெள்ளை ரவை மாதிரி பொடிந்தது. மூன்றுக்கும் தண்ணீர் அளவு வேறு, வேகும் நேரமும் வேறு. எங்கேயோ படித்த “ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர்” கணக்கை எல்லா ரவைக்கும் வைத்தால் ஒரு தடவை பசையாக வரும், ஒரு தடவை நடுவில் நறுக்கென்று இருக்கும்.

கஞ்சிக்கு நடுத்தர ரவைதான் சரி. பொடி ரவை நீரில் விழுந்ததும் கரைந்து கூழாகிவிடும். காய் தனியாகவும் கூழ் தனியாகவும் நிற்கும். பெரிய ரவை கிச்சடிக்கு அருமையாக இருக்கும். அதையே கஞ்சிக்கு எடுத்தால் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

பாக்கெட்டில் “சம்பா கோதுமை ரவை” என்று போட்டிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பா கோதுமை என்பது தனி இனம். நீண்ட, செந்நிறமான மணி. கதிரடித்தாலும் உமி எளிதில் பிரியாது. வட கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைகிறது, நம் நீலகிரியிலும் விளைந்திருக்கிறது. உண்மையான சம்பா ரவையைக் கையில் எடுத்தால் துணுக்குகள் கண்ணாடி மாதிரி கெட்டியாக, செம்மையாக இருக்கும். சாதாரணக் கோதுமை ரவையில் உடைந்த பக்கம் மாவு மாதிரி வெளுப்பாகத் தெரியும். சம்பா வேக நேரம் பிடிக்கும், தண்ணீரும் கூடுதலாக இழுக்கும், வெந்தபின் மணி மணியாக நிற்கும். பெயர் மட்டும் சம்பாவாக இருக்கும் பாக்கெட்டுகளும் உண்டு என்பதால், புதிதாக ஒரு பிராண்ட் வாங்கினால் முதல் தடவை அரை டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைப்பது நல்லது.

இன்னொன்று, இப்போது பெரிய கடைகளில் கிடைக்கும் புல்கர். பார்க்க நம் ரவை மாதிரியேதான் இருக்கும். ஆனால் அது கோதுமையை வேகவைத்து, உலர்த்தி, பிறகு உடைத்தது. சீக்கிரம் வெந்துவிடும். நம் அளவில் தண்ணீரும் விசிலும் வைத்தால் குழைந்து போகும்.

ரேஷன் கோதுமை வாங்குபவர்கள் அதையே மில்லில் உடைத்துக்கொள்ளலாம். கல், தூசி பார்த்து, கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, “மாவாக வேண்டாம், ரவையாக உடைத்துத் தாங்க” என்று சொன்னால் போதும். மணியைப் பல்லில் கடித்தால் ‘கடக்’ என்று உடைய வேண்டும், அதுதான் காய்ந்த பதம். ஈரம் இருந்தால் உடையாமல் நசுங்கும். மில்காரரும் திருப்பி அனுப்பிவிடுவார். உடைத்து வந்ததும் சல்லடையில் சலித்து, கீழே விழும் மாவைச் சப்பாத்திக்கோ தோசைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். சலிக்காமல் போட்டால் அந்த மாவுதான் கஞ்சியைப் பசையாக்கும், குக்கரில் நுரையையும் கிளப்பும்.

வெள்ளை ரவைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வைத்துக்கொள்ளும் விதத்திலும் தெரியும். வெள்ளை ரவையில் தவிடும் முளையும் நீக்கப்பட்டிருக்கும். கோதுமை ரவையில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. நார்ச்சத்து அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் முளையில் எண்ணெய் உண்டு. மணி உடைந்ததும் அந்த எண்ணெயில் காற்றுப் பட ஆரம்பிக்கும், சில வாரங்களில் காறல் வாடை வரும். ஆகவே மூன்று நான்கு கிலோ சேர்த்து வாங்காதீர்கள். அரைக் கிலோ வாங்கி, வறுத்து, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சூடாக மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரவை கொத்துக்கொத்தாக, நூல் கட்டினமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது புழுவின் வேலை. சலித்துவிட்டுப் பயன்படுத்தலாமா என்று யோசிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இனி அளவு. 200 மில்லி டம்ளரால் அளக்கிறோம். நான்கு பேருக்கு நடுத்தர ரவை 1 டம்ளர், அதாவது சுமார் 150 கிராம். பாசிப்பருப்பு கால் டம்ளர், சுமார் 40 கிராம். நறுக்கிய காய் 2 டம்ளர், கிட்டத்தட்ட 250 முதல் 300 கிராம். தண்ணீர் 6 டம்ளர். சின்ன வெங்காயம் 10, தக்காளி 1, இஞ்சி ஒரு விரற்கடை நீளம், பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 1. தாளிக்க நெய்யும் நல்லெண்ணெயும் ஒவ்வொரு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், கறிவேப்பிலை, பெருங்காயம். மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். உப்பு ஒன்றேகால் டீஸ்பூன். கல் உப்பென்றால் கரைத்துப் பார்த்துப் போடுங்கள்.

இந்த அளவில் ஒருவருக்கு ஒரு பெரிய கிண்ணம் வரும், சுமார் 220 கலோரி, புரதம் சுமார் 8 கிராம். பருப்பை விட்டுவிட்டால் புரதம் குறைவது மட்டுமல்ல. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். “எடை குறைக்கிறேன், பருப்பு வேண்டாம்” என்று வெறும் ரவையும் கேரட்டும் மட்டும் போட்டுக் குடிப்பவர்களுக்குப் பத்தரை மணிக்கே பசிக்கும். பருப்பு இருந்தால் மதியம் வரை தாங்கும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறோம். நடுத்தர ரவை ஒரு டம்ளருக்கு உப்புமாவென்றால் இரண்டு முதல் இரண்டரை டம்ளர், கிச்சடியென்றால் மூன்றரை முதல் நான்கு, கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றும்படியான கஞ்சியென்றால் ஆறு. இது குக்கர் கணக்கு. திறந்த பாத்திரத்தில் 25 முதல் 30 நிமிடம் கொதிக்கும்போது ஆவியாகப் போவதால் ஏழு, எட்டு வரை வேண்டியிருக்கும். சுரைக்காய், பூசணி மாதிரி நீர்க்காய் ஒரு டம்ளருக்கு மேல் போனால் அரை டம்ளர் குறைத்துக்கொள்ளலாம். சம்பா என்றால் அரை டம்ளர் கூட்டுங்கள்.

முதல் வேலை வறுப்பது. வறுத்து வைத்த ரவையாக இருந்தாலும் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். வறுக்காத ரவை நீரில் விழுந்ததும் மேல்மாவு கரைந்து வழவழப்பாகும். பச்சை வாடையும் போகாது. கனமான வாணலியில் அரை டீஸ்பூன் நெய் விட்டு, சிறு தீயில் 5, 6 நிமிடம் கை நிறுத்தாமல் கிளறுங்கள். கோதுமை ஏற்கெனவே பழுப்பு நிறம் என்பதால் நிறத்தை நம்ப முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். முதலில் ஈர மாவு வாடை வரும். பிறகு ஒரு நேரம் எதுவும் வராது. அதன்பின் சப்பாத்தி சுடும்போது எழும் வாசனை லேசாக வரும். கரண்டியில் ரவை சலசலவென்று லேசாக உருளும். அங்கேயே நிறுத்தி வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அடிச்சூட்டில் தவிடு கருகும், கருகிய தவிட்டின் கசப்பை எத்தனை நெய் விட்டாலும் மறைக்க முடியாது.

பாசிப்பருப்பையும் தனியாக வறுங்கள். இரண்டும் ஒன்றாகப் போட்டால் பருப்பு சிவக்கும்போது ரவை பாதிதான் வறுபட்டிருக்கும். வறுத்தபின் பருப்பை இரண்டு தண்ணீரில் கழுவினால் நுரை குறையும். கடையில் வாங்கிய ரவை தூசியாகத் தெரிந்தால் வறுப்பதற்குமுன் கழுவாதீர்கள். வறுத்து ஆறியபின் குக்கரில் போடும் தருணத்தில் சட்டென்று அலசி வடித்துவிடுங்கள்.

காய் விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் மீந்திருக்கும் எல்லாவற்றையும் ஒன்றாக நறுக்கிப் போட்டால் கேரட் வெந்திருக்கும்போது சௌசௌ கரைந்திருக்கும். கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, உருளை இவை ரவையோடு சேர்ந்து மூன்று விசில் தாங்கும். அரை அங்குலத் துண்டாக நறுக்கினால் போதும். பீன்ஸ் கால் அங்குலத்துக்குக் கீழே போனால் நார் மட்டும் மிஞ்சும். சௌசௌ, சுரைக்காய், மஞ்சள் பூசணியை ஒரு அங்குலத் துண்டாகப் பெரிதாகவே போடுங்கள். அவை பாதி கரைந்து கஞ்சிக்கு இயல்பான இனிப்பைத் தரும். காலிஃப்ளவரும் முட்டைகோசும் குக்கரில் போனால் கந்தக வாடை முழுக் கஞ்சியிலும் ஏறும். வேண்டுமென்றால் தனியாக வதக்கிக் கடைசியில் சேர்க்கலாம். குடைமிளகாயும் அப்படியே. பீட்ரூட் போட்டால் எல்லாம் சிவப்பாகும், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். வெண்டைக்காய், கத்தரிக்காய் இரண்டும் இதற்குப் பொருந்தாது: ஒன்று கொழகொழப்பு, இன்னொன்று கரைந்து நிறத்தைக் கெடுக்கும். காய்ந்த பட்டாணி என்றால் இரவு முழுக்க ஊற வேண்டும். ஊறியும் கல்லாக இருந்தால் அது பழைய சரக்கு, தனியாக வேகவைத்துச் சேருங்கள்.

கீரைகளில் முருங்கைக்கீரை இந்தக் கஞ்சிக்குப் பிரமாதமாகச் சேரும். இலையாக உருவி, ஒரு கைப்பிடி. குக்கரைத் திறந்தபின் கொதிக்கும் கஞ்சியில் போட்டு 4 நிமிடம். மூடி வைத்தால் பச்சை போய்ப் பழுப்பாகும், ஆகவே திறந்தே வேகட்டும்.

தக்காளியை அப்படியே நறுக்கிக் குக்கரில் போட்டுவிடும் பழக்கம் உண்டு. புளிப்பில் பருப்பும் காயும் மெதுவாகத்தான் வேகும். வெங்காயம் வதங்கியதும் தக்காளியைப் போட்டு, தோல் சுருண்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் பாதிப்பு குறையும், பச்சைப் புளிப்பும் இருக்காது. எலுமிச்சையை அடுப்பை அணைத்தபிறகு கிண்ணத்தில்தான் பிழிய வேண்டும். சுவைக்கு மட்டுமில்லை. கோதுமையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது, கொதித்தால் அந்த வைட்டமின் கெடும். கஞ்சியோடு கையோடு டீ குடித்தால் பலன் எதிர்ப்பக்கம் போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சமைக்கும் வரிசை இதுதான். 5 லிட்டர் குக்கரில் எண்ணெயும் நெய்யும் காய்ந்ததும் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், பெருங்காயம். சீரகம் பொரிந்ததும் கறிவேப்பிலை, நசுக்கிய இஞ்சி பூண்டு, கீறிய மிளகாய், வெங்காயம். வெங்காயம் கண்ணாடியானதும் தக்காளி, மஞ்சள்தூள். பிறகு காய்களைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, ஆறு டம்ளர் தண்ணீரையும் உப்பையும் சேருங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தபிறகுதான் பருப்பும் ரவையும் போக வேண்டும். ஆறிய தண்ணீரில் ரவையைக் கொட்டி மூடினால் அது அடியில் படிந்து, கொதி வருமுன்பே ஒட்டிக்கொள்ளும். ஒரு கையால் தூவி மறுகையால் கிளறி, ஒரு நிமிடம் திறந்தே கொதிக்கவிட்டு, அடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

நடுத்தீயில் 3 விசில். பெரிய ரவையென்றால் ஊறவைத்து 4. பிறகு சிறு தீயில் 3 நிமிடம், அணைத்துவிட்டு ஆவி தானாக இறங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் கஞ்சி அந்தத் துளை வழியே பீறிடும்; கையும் வேகும், அடுப்பும் நாறும். ரவையின் மீதி வேக்காடும் அந்தப் பத்து நிமிடச் சூட்டில்தான் நடக்கிறது.

குக்கரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பருப்பும் தானியமும் நுரைத்துப் பொங்கும் பொருள்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. இந்த அளவுக்கு 3 லிட்டர் குக்கர் போதாது. நுரை விசில் துளையில் ஏறி அடைத்தால் வெயிட் எழும்பாது, உள்ளே அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். மூடுமுன் விசில் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சமைத்து முடித்ததும் அதை ஊதிக் கழுவுங்கள். முந்தைய நாள் கஞ்சி உள்ளே காய்ந்து கெட்டியாக ஒட்டியிருப்பதுண்டு. அடி மெல்லிய பழைய அலுமினியக் குக்கரென்றால், குக்கருக்குள் தண்ணீர் விட்டு, தனிப் பாத்திரத்தில் கஞ்சியை வைத்து 6 விசில் விடலாம். நேரம் கூடும், அடிப்பிடிக்காது. அந்த முறையில் ஐந்தரை டம்ளர் தண்ணீர் போதும்.

திறந்ததும் மேலே தண்ணீரும் கீழே ரவையுமாகப் பிரிந்திருக்கும். பயப்பட வேண்டாம். அடியிலிருந்து மேலாக நன்றாகக் கலக்கி, ஒரு ரவையை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்குங்கள். முழுவதும் மென்மையாக வழுக்கிப் பரவ வேண்டும். நடுவே ஊசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அரை டம்ளர் வெந்நீர் விட்டு, மூடி, சிறு தீயில் 5 நிமிடம் வையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மேல்மாவு இறுகி, உள்ளே வேகாமலே நிற்கும்.

அடுப்பிலிருந்து இறக்கும்போது நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு படி நெகிழ்வாகவே இருக்கட்டும். கோதுமை மாவுச்சத்து சூட்டில் நீரைக் குடித்து உப்பும், ஆற ஆற இறுகும். அடுப்பில் கச்சிதமாக இருந்தது, தட்டுக்கு வருமுன் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடுகிறது என்ற புகாருக்கு இதுதான் காரணம். கரண்டியிலிருந்து தடங்கலின்றி வழிய வேண்டும். கரண்டியின் பின்பக்கம் மெல்லிய படலம் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அணையுங்கள். ஃபிளாஸ்க்கில் ஆபீஸுக்கு எடுத்துப் போகிறவர்கள் கூடுதலாக அரை டம்ளர் வெந்நீர் சேர்த்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். “ராத்திரிக்கு அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்டேன்” என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் சர்க்கரை இறங்குவதில்லை. கோதுமையிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அது எவ்வளவு பொடியாக உடைந்திருக்கிறது, எவ்வளவு குழைய வெந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ரத்தத்தில் ஏறும் வேகம் மாறும். பொடி ரவையைக் குழையவிட்டு, மிக்ஸியிலும் ஒரு சுற்று விட்டுக் குடித்தால் வெகு சீக்கிரம் ஏறும். ஆகவே இவர்களுக்குக் கஞ்சியைவிடக் கிச்சடிப் பதம்தான் நல்லது: பெரிய ரவை, ஒருவருக்கு உலர்ந்த எடையில் 35 முதல் 40 கிராமுக்கு மேல் வேண்டாம், காயை ஒரு டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள், உருளையை விட்டுவிடுங்கள், மென்று சாப்பிடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு இந்த அளவு ஒத்துப்போகிறதா என்று மீட்டரே காட்டிவிடும்.

கோதுமை ஒவ்வாமையோ, கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயோ இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. சம்பா கோதுமை பரவாயில்லை என்று சிலர் சொல்வது தவறு, அதிலும் க்ளூட்டன் உண்டு. அவர்கள், கோதுமை மாவு கலந்திருக்கக்கூடிய பெருங்காயத்தை விட்டுவிட்டு, இதே அளவு, இதே முறையில் தினை, சாமை, வரகு எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஒரு டம்ளர் குறைவாக ஆரம்பித்துப் பதம் பாருங்கள்.

காய்ச்சலில் இருந்து எழுந்தவர்களுக்கு மிளகாய், தக்காளி இரண்டையும் தவிர்த்து, சுரைக்காயும் கேரட்டும் மட்டும் போட்டு, தண்ணீரை எட்டு டம்ளராக்கி, மிளகையும் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள். பல் இல்லாத பெரியவர்களுக்கு மத்தால் கடைந்து தந்தால் போதும். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி இழுபட்டுத் தொண்டையில் ஒட்டும். இணை உணவு ஆரம்பித்து ஓரளவு பழகிய குழந்தைக்கு உப்பும் காரமும் போடாமல், நன்றாகக் குழைத்து, முதல் தடவை இரண்டு ஸ்பூன் மட்டும். அடுத்த மூன்று நாளும் வேறு புதிய உணவு எதையும் சேர்க்காமல், தோலில் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு ஏதும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு வயது முடியும்வரை உப்பு தேவையே இல்லை.

தேங்காய்ப்பால் சேர்க்க விரும்பினால் ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்து, அடுப்பை அணைத்தபின் முதல் பாலை ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்கவிட்டால் திரியும். சுவை கூடும், கலோரியும் கூடும், தினசரிக்கு வேண்டாம். தொட்டுக்கொள்ளப் புதினாத் துவையலோ, பருப்புத் துவையலோ இருந்தால் போதும். அப்பளமும் ஊறுகாயும் வைத்தால் கஞ்சியில் நீங்கள் கவனித்துப் போட்ட உப்பின் கணக்கெல்லாம் அடிபட்டுப்போகும்.

மீந்ததை அடுப்படியிலேயே மூடி வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை இருக்கும். மறுநாள் அது வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். ஒரு கிண்ணத்துக்கு அரை டம்ளர் வெந்நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கட்டிகளை முதலில் கரண்டியால் உடைத்து, பிறகே அடுப்பில் ஏற்றி நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஒரு முறைதான் சூடு செய்ய வேண்டும். கஞ்சியாகவே மறுபடி சாப்பிட மனமில்லையென்றால், ஒரு கிண்ணம் கெட்டிக் கஞ்சிக்கு மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக் கையால் தட்டி, நடுவில் ஒரு துளை போட்டு அடையாகச் சுடலாம். திருப்ப அவசரப்படாதீர்கள்: ஓரம் சிவந்து தானாகக் கல்லைவிட்டுப் பிரிய 4 நிமிடம் பிடிக்கும், அதற்குமுன் தோசைத் திருப்பியை நுழைத்தால் பிய்ந்துவிடும்.